இருபத்தேழைத் தொட்டால் கடுமை

அந்த வினாத்தாளின் முதல் கேள்வியில் சாப்பாடே வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் தன் உடம்பின் பருமனை நினைத்துக் கூச்சம் வருகிறதா என்றுதான் கேட்கும். அப்படி ஒன்றும் இல்லை என்பதிலிருந்து, தன்மேலேயே அருவருப்பு வந்து மனிதர்களைப் பார்ப்பதையே தவிர்க்கிறேன் என்பதுவரை நான்கு வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். தனக்குப் பொருந்துகிற ஒன்றைக் குறிக்க வேண்டும். இரண்டாவதில்தான் தட்டு வருகிறது: நிதானமாகச் சாப்பிட முடிகிறதா, அல்லது சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டு வயிறு முட்டித் திணறுகிறீர்களா? இப்படி 16 வரிசைகள். டீ ஆறுவதற்குள் நிரப்பிவிடலாம்.

பெயர் 'பிஞ்ச் ஈட்டிங் ஸ்கேல்'. கட்டுமீறி உண்பதன் கடுமையை அளக்க, கோர்மலி என்ற அமெரிக்க உளவியலாளரும் மூன்று சகாக்களும் 1982இல் வெளியிட்டது. எடை குறைப்புச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஒரே எடையுள்ள இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மூன்று வேளையும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுக் கனத்தவர். இன்னொருவர் பகலெல்லாம் வயிற்றைக் கட்டி, ராத்திரி யாரும் பார்க்காதபோது பிரிட்ஜின் முன்னால் நின்று கையில் கிடைத்ததையெல்லாம் தின்று, பிறகு அழுகிறவர். தராசுக்கு இருவரும் ஒன்றுதான். இவர்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் நேரில் உட்கார்ந்து பேசி, இவருக்குப் பிரச்சினை இல்லை, இவருக்கு நடுத்தரம், இவருக்குக் கடுமை என்று தரம் பிரித்தார்கள். தாளின் கூட்டுத்தொகை அந்தத் தரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள், போயிற்று. 16 வரிசைகளில் 8 செய்கையைப் பற்றியவை. மீதி 8, உள்ளே ஓடும் நினைப்பையும் குற்றவுணர்வையும் பற்றியவை.

மதிப்பெண் கணக்கு நிரப்புகிறவரின் கண்ணில் படாது. முதல் கேள்வியின் முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் பூஜ்யம், மூன்றாவதற்கு 1, நான்காவதைக் குறித்தால் ஒரே தாவலில் 3. எல்லா வரிசைகளிலும் உச்சத்தைத் தொட்டால் 46. கூட்டிப் பார்த்து 17 வரை என்றால் கவலையில்லை, 18 முதல் 26 வரை நடுத்தரம், 27ஐத் தொட்டால் கடுமை. 26க்கும் 27க்கும் நடுவே என்ன நடந்துவிட்டது என்று கேட்டால், ஏதோ ஒரு வரிசையில் ஒருவர் ஒரு வாக்கியம் கீழே இறங்கிக் குறித்துவிட்டார், அவ்வளவுதான். சர்க்கரை அளவுக்குக் கோடு போடும்போதும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் அங்கே ரத்தத்தில் சர்க்கரை என்று ஒன்று இருக்கிறது, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இந்த அளவுகோலுக்கு அது அளக்கும் நோயைவிட வயது அதிகம். பருமனான சிலர் குறுகிய நேரத்தில் பெருமளவு உண்டு பின்பு தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்று பென்சில்வேனியாவின் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே எழுதிவிட்டார். அதற்கு 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்' என்று தனி அடையாளம் வேண்டும் என்ற கோரிக்கை 1990களில்தான் வலுத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பு (1994) அதைப் பின்னிணைப்பில், மேலும் ஆராய வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முழு நோயாக இடம் கிடைத்தது. நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே அதன் கடுமைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனநல மருத்துவத்தில் இது அபூர்வமில்லை.

வினாத்தாள் எதற்கு, சாப்பிட்டதையே அளந்துவிடலாமே என்று தோன்றும். அளந்து பார்த்தவர்கள் உண்டு. எத்தனை குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொல்லிவந்த ஒரு சிறு குழுவை நியூயார்க் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐசோடோப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் எழுதித் தந்த சாப்பாட்டுக் கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது; உடற்பயிற்சிக் கணக்கு 51 சதவீதம் கூடுதலாக இருந்தது. 1992இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த இந்தக் கட்டுரையைக் காட்டி, சாப்பாட்டு விஷயத்தில் யார் சொல்வதையும் நம்ப முடியாது என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வை அவர்கள் கூடவே படிக்க வேண்டும். சூசன் யானோவ்ஸ்கியும் குழுவினரும் பருமனான பெண்களை ஆய்வகத்துக்கு அழைத்து, பலவகை உணவுகளைப் பரப்பிவைத்து, ஒருமுறை சாதாரணமாகவும் இன்னொரு முறை கட்டுப்பாட்டை விட்டுவிட்டும் சாப்பிடச் சொன்னார்கள். பிஞ்ச் உண்டு என்று ஏற்கெனவே சொல்லியிருந்த பெண்கள், அதே பருமனுள்ள மற்றவர்களைவிட இரண்டு தடவையும் அதிகம் சாப்பிட்டார்கள். கலோரிக் கணக்கில் தடுமாறுகிறவர்கள், தங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது என்பதைச் சரியாகவே சொல்கிறார்கள்.

அந்தப் பிரச்சினையின் மையம் அளவில் இல்லை. நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லை என்ற உணர்வில் இருக்கிறது. இதற்கு வெளியிலிருந்து வைத்துப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. ஐசோடோப்புத் தண்ணீரும் ஆய்வக மேசையும் எத்தனை கலோரி என்று சொல்லும். அந்த மனிதர் விரும்பிச் சாப்பிட்டாரா, இழுத்துச் செல்லப்பட்டாரா என்று சொல்லாது. அதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் இத்தனை தகராறும்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் ஜாஃப்ரா கூப்பரோடு சேர்ந்து உருவாக்கிய நேர்காணல் முறை, கேட்கும் கலைக்கு நல்ல உதாரணம். கேள்விகளை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு நாட்காட்டி வரும். கடந்த 28 நாட்களை விரித்துவைத்து, எந்த நாள் விடுமுறை, எந்த வாரம் ஊரில் இல்லை, யார் பிறந்தநாள், எப்போது உடம்பு சரியில்லை என்று நேர்காணல் செய்பவர் முதலில் நிரப்பிக்கொள்வார். அதன்பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு. "அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு? வேறு யாராவது கூட இருந்தார்களா? நடுவில் கதவு தட்டப்பட்டிருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?" என்கிற ரீதியில் போகும். அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளில் வான்கோழி விருந்தை ஒரு பிடி பிடித்தது கணக்கில் சேராது. அன்று எல்லோரும்தான் சாப்பிட்டார்கள். டப்பா நிறைய ஐஸ்கிரீமைத் தனியாகத் தீர்த்தது சேரும். இனி தொடவே மாட்டேன் என்று சபதம் போட்டவர் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுத் தன்னை இழந்ததாகத் துடிப்பது தனி வகையில் போகும்: கட்டுப்பாடு போனது, அளவு பெரிதில்லை. அளவு பெரிதா என்பதை நேர்காணல் செய்பவர் தீர்மானிப்பார். கட்டுப்பாடு போனதா என்பதைச் சொன்னவர் தீர்மானிப்பார். அதிகாரத்தை இப்படி இரண்டாகப் பங்கிட்டதுதான் அந்த முறையின் புத்திசாலித்தனம்.

ஆனால் இதற்குப் பயிற்சி பெற்ற ஆளும் ஒரு மணி நேரமும் வேண்டும். ஆயிரம் பேரிடம் நடத்த முடியாது. ஃபேர்பர்னே சாரா பெக்லினோடு சேர்ந்து அதை வினாத்தாளாகச் சுருக்கி, 1994இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வாந்தி எடுத்தீர்களா, பேதி மாத்திரை போட்டீர்களா என்பதில் தாளும் நேர்காணலும் நன்றாகவே ஒத்துப்போயின. பிஞ்ச் என்று வந்ததும் பிரிந்துவிட்டன. தாளில் கூடுதலாக வந்தது. வாந்தி என்றால் என்ன என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. பிஞ்ச் அப்படியில்லை. சிலருக்கு அந்த இரண்டு பிஸ்கட்டே பிஞ்ச்தான். கோர்மலியின் அளவுகோலிலும் இதே கதை: தாளில் அதிக மதிப்பெண் வாங்கிய பலருக்கு, நேரில் பேசிப் பார்த்தால் நோய் உறுதிப்படவில்லை.

தீர்வு வியப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது. பிஞ்ச் என்றால் எது, எது இல்லை என்று உதாரணங்களோடு ஒரு விளக்கக் குறிப்பைத் தாளோடு இணைத்துக் கொடுத்தார்கள். ஒப்புமை கூடிற்று. இந்த நாட்டில் அச்சடித்து நீட்டப்படும் எந்தப் படிவத்துக்கும் இது பொருந்தும். ஆனால் அப்படியொரு குறிப்பைக் கண்டவர்கள் எத்தனை பேர்?

டிஎஸ்எம்மின் ஐந்தாம் பதிப்பு வேறு பாதையில் போயிற்று. கடுமையை அது வெறும் எண்ணிக்கையால் அளந்தது. வாரத்துக்கு 1 முதல் 3 தடவை என்றால் லேசு. 4 முதல் 7 நடுத்தரம். 8 முதல் 13 கடுமை. 14ம் அதற்கு மேலும் அதிதீவிரம். நோய் என்று சொல்லவே வாரம் ஒரு தடவை, மூன்று மாதம் போதும்; முந்தைய பதிப்பின் பின்னிணைப்பு வாரத்தில் இரண்டு நாள், ஆறு மாதம் என்று கேட்டிருந்தது. நான்காம் பதிப்பின் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃபிரான்சிஸ், மனிதச் சபலத்தையெல்லாம் நோயாக்குகிறார்கள் என்று பகிரங்கமாகச் சாடினார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் நிறுத்த முடியாமையின் வதையை அனுபவித்தவர்களிடம் அதைச் சபலம் என்று சொல்லிப் பார்த்தால், எதிரே இருப்பவர் அதன்பிறகு வாய் திறக்க மாட்டார்.

எண்ணிக்கை நல்ல அளவுகோலா என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் கிரிலோவும் சகாக்களும் 2015இல் சோதித்தார்கள். உடலின் எடையையும் வடிவத்தையும் வைத்தே தன் மதிப்பு முழுவதையும் ஒருவர் தீர்மானிக்கிறாரா என்ற கேள்வி, வாரத்துக்கு எத்தனை தடவை என்பதைவிடத் துன்பத்தின் ஆழத்தை நன்றாகக் காட்டியது. கூச்சத்தில் தொடங்கிய 1982ஆம் ஆண்டுத் தாள் அவ்வளவு பிசகவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இனி மாத்திரை. 2015 ஜனவரியில், கவனக்குறைவு நோய்க்கு ஏற்கெனவே விற்பனையில் இருந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்தை, நடுத்தரம் முதல் கடுமை வரையிலான பிஞ்ச் நோய்க்கும் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. ஆம்ஃபெட்டமின் குடும்பத்து மருந்து. பழக்கமாகிவிடும் அபாயம் உள்ளது. இந்த நோய்க்கென அனுமதி பெற்ற முதல் மருந்தும் அதுவே. தயாரித்த ஷயர் நிறுவனத்துக்காகப் பேச வந்தவர் டென்னிஸ் வீராங்கனை மோனிகா செலஸ். 1993 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் ஆட்டத்தின் நடுவே முதுகில் கத்திக்குத்து வாங்கியவர். அதன்பிறகான ஆண்டுகளில், தந்தையின் புற்றுநோயும் சேர்ந்துகொள்ள, இரவுகளில் கட்டுமீறித் தின்றதை 2009இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அவர் பட்டது நிஜம், அவர் வாங்கிய சம்பளமும் நிஜம். மருந்துக்கு அனுமதி கிடைத்த அடுத்த ஆண்டே, பொது மருத்துவர்கள் சில நிமிடங்களில் நோயாளிகளைச் சலித்தெடுக்க வசதியாக 7 கேள்விகள் கொண்ட ஒரு தாள் ஷயரின் ஆதரவுடன் வந்தது. நடுத்தரத்துக்கும் லேசுக்கும் நடுவே உள்ள கோடு இப்போது மருந்துச் சீட்டின் எல்லை. கேள்விகள் தவறானவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் மாத்திரை விற்பவர் தயாரித்த சல்லடையின் கண் எத்தனை பெரிது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

மருந்துச் சோதனைகளில் பிஞ்ச் நாட்களை நோயாளிகளே டைரியில் குறித்துவந்தார்கள். குறிக்க ஆரம்பித்தாலே பலருக்கு அது குறையத் தொடங்கும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் சாப்பிட்டதை உடனுக்குடன் எழுதச் சொல்வது முதல் படியே அதனால்தான். இந்த நோயின் சோதனைகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களும் கணிசமாகத் தேறுவது வழக்கம். அளப்பதே கொஞ்சம் மருந்தாகிவிடும்போது, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

எடை குறைப்பு அறுவைக்குப் போகிறவர்களிடம் கோர்மலியின் தாள் தலைகீழாக நடந்துகொள்கிறது. அறுவைக்கு முன்னால் நிரப்புகிறவருக்குத் தெரியும், அதிக மதிப்பெண் வந்தால் தேதி தள்ளிப்போகலாம் என்று. ஆகவே நல்ல பிள்ளையாகக் குறிப்பார். அறுவைக்குப் பிறகோ, சுருக்கப்பட்ட வயிற்றில் பெருமளவு கொள்ளவே கொள்ளாது. டிஎஸ்எம் கேட்கும் அளவு என்ற நிபந்தனை தானாகவே விழுந்துவிடும். நோய் குணமாகிவிட்டதா? கொஞ்சமாகத்தான் தின்றாலும் கை நிற்கவில்லை என்று சொன்னவர்களுக்கு எடை இறங்குவது குறைந்தது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் அளவு பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. இந்த விஷயத்தில் அமெரிக்கக் கையேட்டைவிட அது விவரமாக இருக்கிறது.

இந்தியாவுக்கு இத்தகைய தாள்கள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கும் பதிவு உண்டு. மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வட இந்தியப் பள்ளி மாணவிகள் 580 பேரிடம், உண்ணும் மனப்பான்மையை அளக்கும் வேறொரு பிரபலமான வினாத்தாளை இந்தியில் கொடுத்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். கணிசமானோர் நோய்க் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். பதில்களைப் பிரித்துப் பார்த்தால், சில கேள்விகளை மாணவிகள் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. விரதமும் அடக்கமும் நல்ல பழக்கம் என்று வளர்ந்த பெண், சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டா என்ற கேள்விக்குப் பெருமையோடு ஆம் என்று குறிப்பாள். தாளோ அதை உண்ணல் கோளாறின் அறிகுறியாக எண்ணிவைத்திருக்கும். பின்னர் சென்னையில் டி.என். சீனிவாசனும் சகாக்களும் மருத்துவ மாணவர்களிடம் ஆய்வு செய்து, இங்குள்ள நிலைக்கேற்பத் தனி வினாத்தாளே தயாரித்து 1998இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் வெளிநாட்டுத் தாள்களை அப்படியே எடுத்துக் கல்லூரி மாணவர்களிடம் வினியோகித்துச் சதவீதம் சொல்லும் பழக்கம் நின்றபாடில்லை.

இந்தத் தாள்களில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், ஐரோப்பாவின் பட்டினியை எப்படித் தீர்ப்பது என்று அறிய மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைக்கப்பட்டு, எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது சிலரால் நிறுத்த முடியவில்லை. வயிறு வலிக்க வலிக்கத் தின்றார்கள், திருப்தி வரவில்லை. அன்றைக்குக் கோர்மலியின் தாள் இருந்திருந்தால் அவர்களில் சிலர் 27ஐச் சுலபமாகத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்கு இருந்தது பசி.

சோதனைக்கூடத்துப் பட்டினி அது. வீட்டுப் பட்டினியை இந்தத் துறை திரும்பிப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் கரோலின் பெக்கரும் குழுவினரும் இலவச உணவு வழங்கும் மையங்களுக்கு வந்த 503 பேரிடம் ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், வருமானம் குறைந்தவர்கள். தின்னும் நோய்கள் வசதியான வெள்ளைக்காரப் பெண்களின் வியாதி என்ற பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது. வீட்டில் பிள்ளைகளும் பசியோடு இருக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தவர்களில் 17 சதவீதத்தினரிடம் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு உண்ணல் கோளாறு காணப்பட்டது. தட்டுப்பாடு கூடக்கூடப் பிஞ்சும் கூடிற்று. வழக்கமான தாள்கள், மெலிவதற்காக வேளை தப்பவிட்டீர்களா என்றே கேட்கும். பெக்கர் குழுவினர், எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் சரி, சாப்பாட்டைக் குறைத்தீர்களா என்று மாற்றிக் கேட்டார்கள். உள்ளதைப் பிள்ளைகளுக்கு மிச்சம் பிடிக்கத் தான் சாப்பிடாமல் இருந்த தாய் அதன்பிறகுதான் கணக்கில் வந்தாள். மாதத் தொடக்கத்தில் அரசின் உணவு உதவி வந்ததும் அவள் நிறுத்தாமல் சாப்பிட்டால், அதற்குத் தரும் மருந்து ஷயர் விற்ற மாத்திரையாக இருக்க முடியாது.

தமிழில் இத்தகைய தாள்களைத் தயாரிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள இரண்டு உண்டு. கூட்டுத்தொகையை மட்டும் கோப்பில் எழுதிவிட்டுத் தாளை எறிந்துவிட வேண்டாம். 27 வாங்கிய இருவரில் ஒருவர் கூச்சத்தில் வாங்கியிருப்பார், இன்னொருவர் தட்டின் முன்னால் வாங்கியிருப்பார், எந்த வரிசையில் எதைக் குறித்தார் என்று பார்த்தால்தான் அது தெரியும். இன்னொன்று, வேளை தப்பியதா என்று கேட்கும் இடத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் விடுங்கள்: விரதமா, மெலியவா, வேலைக்கு நேரமாகிவிட்டதா, வீட்டில் சாப்பாடு இல்லையா.